கிராண்ட் ரிசர்வ்னு சொல்லி 180 யூரோ புடுங்கிட்டாங்க, ஒயின் லேபிள் பாத்து வாங்குங்க மக்களே

இன்னும் கோவம் அடங்கல, எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஒயின் மட்டுமே விக்கிற ஒரு ஆன்லைன் கடைல 6 பாட்டில் வாங்கினேன், மொத்தம் 180 யூரோ, ரிட்டயர் ஆகுற அண்ணன் ஒருத்தருக்கு கிஃப்ட். பிரெஞ்சு ஒயின், 'கிராண்ட் ரிசர்வ்', 'வியெய் வீன்', அதாவது வயசான கொடியில விளைஞ்சதுன்னு பக்கம் பூரா போட்டிருந்தாங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி சாட்ல கேட்டேன், நிஜமா எத்தனை வருஷம் ஏஜிங் ஆனதுன்னு, அதாவது விக்கிறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் முதிர வச்சாங்கன்னு. உடனே பதில் வந்துச்சு, "கிராண்ட் ரிசர்வ்னா சட்டப்படி குறைஞ்சது 5 வருஷம், அதுல 2 வருஷம் ஓக் பீப்பாய்ல, தைரியமா வாங்கலாம்"னு. சட்டம், வருஷக் கணக்கு எல்லாம் சொல்லி ஒருத்தர் அடிச்சுப் பேசும்போது யாரு நம்பாம இருப்பாங்க? அங்கயே 180 யூரோவும் கட்டிட்டேன்.

பெட்டி வந்துச்சு. முன்னாடி லேபிள்ல தங்கக் கலர்ல கொட்டை எழுத்து. திருப்பினா பார்கோடுக்குப் பக்கத்துல எறும்பு சைஸ்ல 'வின் தெ ஃபிரான்ஸ்'. அப்படின்னா பிரான்ஸ்ல எந்த மூலைத் திராட்சையா வேணா இருக்கலாம், ஊர்ப் பேரு போட்டு விக்கிற ஒயினுக்கு இருக்கிற கட்டுப்பாடு எதுவும் இதுக்குக் கிடையாது. அதை விடுங்க, அறுவடை வருஷம் 2023! 2023ல பறிச்ச திராட்சைக்கு 5 வருஷம் ஆகணும்னா 2028 வரணுமே, இதக்கூடவா பாக்காம விக்கிறாங்க?

அந்த ஆள் சொன்ன கணக்கு இருக்கே, அது ஸ்பெயின்ல ரியோஹாங்கிற பகுதி சிவப்பு ஒயினோடது. அங்க ஏஜிங்கை வச்சுத்தான் தரம் பிரிப்பாங்க, குறைஞ்சது கிரியான்சா 2 வருஷம், ரிசர்வா 3, கிரான் ரிசர்வா 5, பாட்டில் பின்னாடி கட்டுப்பாட்டு வாரியத்தோட நம்பர் போட்ட முத்திரையும் இருக்கும். இத்தாலிலயும் ரிசர்வான்னா விதி உண்டு, அங்க கியாந்தி கிளாசிக்கோங்கிற ஒயினுக்கு 24 மாசம், பரோலோங்கிற ஒயினுக்கு 62 மாசம். ஆனா பிரான்ஸ்ல 'கிராண்ட் ரிசர்வ்'க்கு இத்தனை வருஷம்னு சட்டமே இல்ல, அமெரிக்கா, ஆஸ்திரேலியா 'ரிசர்வ்'க்கும் இல்ல, தயாரிக்கிறவன் இஷ்டம். 'வியெய் வீன்'னு போட கொடிக்கு எத்தனை வயசு ஆகணும்னும் வரையறை கிடையாது. ஒரு நாட்டுச் சட்டத்தைச் சொல்லி இன்னொரு நாட்டு பாட்டிலை என் தலையில கட்டிட்டாங்க.

கேட்டா முதல்ல போட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினேன். அப்புறம் லேபிள்ல என்ன எழுதுறதுங்கிறது தயாரிப்பாளர் விருப்பம், நாங்க பொறுப்பில்லன்னு ஒரு மெயில். சரி, உங்க ஆளு சாட்ல எழுதினதுக்கு யாரு பொறுப்புன்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டா, ஒரு பாட்டில் திறந்துட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாதாம். மீதி 5 பாட்டில் சீல் பிரிக்காம அப்படியே இருக்கு! அதுக்கப்புறம் பதிலே இல்ல. 180 யூரோங்க, சும்மா இல்ல.

வாங்குறவங்களுக்கு அவசரமா சொல்றேன், பின் லேபிள் போட்டோ இல்லாம வாங்காதீங்க. எந்த நாடு, எந்த ஊரு, அறுவடை வருஷம் என்னன்னு பாத்துட்டு அப்புறம் ரிசர்வ் கிசர்வ் எல்லாம் பாருங்க. பெயருல 'சுப்பீரியர்' இருக்கறதுக்கும் ஏமாறாதீங்க, பிரான்ஸ்ல போர்தோங்கிற பகுதி ஒயின்ல 'போர்தோ சுப்பீரியர்'னு ஒண்ணு இருக்கு, அது போர்தோல உச்சம் ஒண்ணும் இல்ல. சாட்ல சொல்றதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, கார்டுல மட்டும் கட்டுங்க. நான் கார்டுல கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், 180 யூரோ இன்னும் வரல.