சௌராஸ்தா மாடியில் 18 வெள்ளிக்கு ஓர் அகராதி

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் மாடி ஏறினால் பழைய புத்தகக் கடைகள். போன சனிக்கிழமை அங்கே ஒரு பாயிடம் கன்சைஸ் ஆக்ஸ்போர்ட் அகராதி வாங்கினேன். 1982இல் வந்த ஏழாம் பதிப்பு, சைக்ஸ் தொகுத்தது. முதலில் 25 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். முதுகு அட்டை பிரிந்திருந்ததை அவரே விரித்துக் காட்டி, "ஒட்டித்தான் வெச்சிருக்கேன், பார்த்துப் புரட்டுங்கம்மா" என்று 18க்குக் கொடுத்தார். அந்த நேர்மைக்காகவே மறுபடியும் அந்தக் கடைக்குப் போவேன்.

கைபேசியில் இல்லாத அகராதியா என்று மகள் கேட்டாள். நான் கோர்ட்டில் தமிழ் இன்டர்ப்ரெட்டர். சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் மட்டும் எனக்குப் போதாது, அதன் கனமும் தெரிய வேண்டும். ஒருமுறை சாட்சி சொல்ல வந்த பாட்டி, "தள்ளுமுள்ளுதான்மா ஆச்சு" என்றார். அவசரத்தில் 'ஃபைட்' என்று சொல்லிவிட்டேன். அடுத்த கேள்வியே "யார் முதலில் அடித்தது?" பாட்டி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். உடனே திருத்தினேன். ஆனாலும் அந்தப் பார்வை இன்னும் மனசில் நிற்கிறது.

அதனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் புரட்டியது 'ஸ்கஃபிள்', அதாவது சின்னத் தள்ளுமுள்ளு. ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் கணிப்பு. சுவீடிஷ் மொழியில் 'ஸ்குஃபா' என்றால் தள்ளுவது. ஆங்கில 'ஷவ்'வும் அதற்குச் சொந்தம். பாட்டி சொன்னதும் அதே தள்ளுதான்! அன்றைக்கு என் வாயில் வந்திருக்க வேண்டிய சொல் இது.

அடுத்து 'மெலே'. பலர் ஒன்றாகப் புகுந்து புரளும் சண்டை. பிரெஞ்சில் கலப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பல பாட்டுகளைக் கோத்துப் பாடுகிற 'மெட்லி'யும் அதே வேர்தான். நாமும் கைகலப்பு என்றுதானே சொல்கிறோம்! ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள் சண்டையைக் 'கலப்பு' என்றே பார்த்திருக்கின்றன. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மல்லுக்கட்டைக் குறிக்கும் 'டசில்' சொல்லுக்குத் தலைமுடியைக் கலைக்கும் 'டவுசில்' உறவு என்றதும் நம் குடுமிப்பிடி சண்டை ஞாபகம் வந்தது.

கோர்ட்டில் அடிக்கடி காதில் விழும் 'அஃப்ரே' வேறு ரகம். தண்டனைச் சட்டம் 159ஆம் பிரிவின்படி, இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் கெடுப்பது. 'அஃப்ரெய்ட்' அதன் உடன்பிறப்பு. பார்த்து நின்றவர்களின் பயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எழுத்து பொடிசு. சொல்லின் பூர்வீகம் பதிவின் கடைசியில் அடைப்புக்குள் சுருக்கெழுத்துகளாக இருக்கும். முன்பக்கப் பட்டியலைப் பார்த்துப் பழக இரண்டு நாள் ஆகும். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் அந்தச் சிரமத்தைப் படலாம்.

இன்னொரு பிரதி வந்தால் எடுத்துவைக்கச் சொல்லி பாயிடம் என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் கோர்ட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிக்கு.