பாராசிட்டமாலா, இபுபுரூஃபனா, ஆஸ்பிரினா? பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒப்பீடு

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்கு இதயத்தின் அமைப்பில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கும் காய்ச்சல் வரும், பல் வலிக்கும். அவர்களில் பெரும்பாலோர் இன்று வளர்ந்து பெரியவர்களாகி, தலைவலி, முதுகுவலி, மாதவிடாய் வலி என்று மருந்துக்கடைக்குப் போகிறார்கள். மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும் மூன்று மருந்துகளில் எதை எடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாராசிட்டமால். வலியை அடக்குவதில் இபுபுரூஃபன் பல நேரம் கெட்டிக்காரன்தான். ஆனால் வலி போகும் வழியில் அது சிறுநீரகத்திலும் ரத்தத்திலும் கை வைக்கிறது.

குறைபாடுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கீழறைச் சுவரில் இருந்த சிறு ஓட்டை தானாகவே மூடிக்கொண்டு, எந்த மருந்தும் தேவைப்படாமல் ஓடியாடும் குழந்தைக்கு, மருத்துவர் தடுக்காதவரை, ஒன்றிரண்டு வேளை இபுபுரூஃபன் பெரிய ஆபத்தாகாது. உடல் நீலம் பாரிக்கும் குறைபாடுகள், ஒற்றைக் கீழறை இதயம், செயற்கை வால்வு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றின் கணக்கே வேறு.

காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அதுதான்; சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் குறையாமல் காப்பதும் அதுதான். இபுபுரூஃபன் அதன் உற்பத்தியைத் தடுப்பதால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. தளர்ந்த இதயத்துக்கு அது கூடுதல் சுமை. ஏற்கெனவே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எனாலாபிரிலும் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதையும் சேர்த்தால் மூன்றும் ஒரே நேரத்தில் சிறுநீரகத்தை நெருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் இந்த ஆபத்து பன்மடங்காகும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இதனால் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். நீலம் பாரிக்கும் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவதில் கோளாறும் சிறுநீரகப் பலவீனமும் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

இதே புரோஸ்டாகிளாண்டின் பிறவி இதய நோயில் வகிக்கும் இடம் வியப்பூட்டுவது. கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் ஒரு குறுக்குக் குழாய் இணைக்கிறது; அதைத் திறந்து வைப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய் இபுபுரூஃபன் எடுத்தால் குழாய் முன்கூட்டியே சுருங்கலாம். சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையும் என்பதால், சுமார் 20 வாரங்களிலிருந்தே இவ்வகை மருந்துகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. குறைமாதக் குழந்தையிடம் அந்தக் குழாய் மூடாமல் நின்றாலோ, குழாயைச் சுருக்கும் அதே தன்மைதான் சிகிச்சை. 1976இல் இபுபுரூஃபன் வகையைச் சேர்ந்த இண்டோமெதசின் அதற்குப் பயன்படுவது வெளியானது. பின்னர் இபுபுரூஃபன் வந்தது, இப்போது பாராசிட்டமாலும் கொடுக்கப்படுகிறது. சில குறைபாடுகளில் குழாய் மூடினால் குழந்தை பிழைக்காது. அங்கே அறுவைச் சிகிச்சை வரை புரோஸ்டாகிளாண்டினையே ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள்.

ஆஸ்பிரினை இவர்களுக்கான வலி மருந்தாகவே நான் எண்ணவில்லை. செயற்கை இணைப்புக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் ஒற்றைக் கீழறை இதயத்துக்கான ஃபோன்டன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ரத்தம் கட்டாமலிருக்கச் சிறு அளவில் மருத்துவர் தரும் காவல் மருந்து அது. அதை நாமாக நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது. இடையில் எடுக்கும் இபுபுரூஃபன் அந்தக் காவலைக் கலைத்துவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காய்ச்சலுக்கென்று குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூ, சின்னம்மை நேரத்தில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறிக்கு இட்டுச் செல்லலாம். தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்கு இந்த இரண்டில் ஒன்று வந்தால் அன்றே இதய மருத்துவரை அழையுங்கள்.

இபுபுரூஃபன் வகையைச் சேர்ந்த இன்னொரு வலி மருந்தான டைக்ளோஃபெனாக் பற்றி நீட்டத் தேவையில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது.

பாராசிட்டமாலுக்கும் குறை உண்டு. வீக்கத்தை அது பெரிதாகக் குறைக்காது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்; ஃபோன்டன் செய்துகொண்டவர்களுக்குக் காலப்போக்கில் கல்லீரல் பாதிப்பு வருவது வழக்கம் என்பதால் அவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில். சளி மாத்திரைகளிலும் இது கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீரில் நுரைத்துக் கரையும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் இருக்கலாம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் சாதாரண மாத்திரையையே கேட்டு வாங்க வேண்டும். வார்ஃபரினோடு பல நாள் தொடர்ந்து எடுத்தால் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் காய்ச்சலை மறைக்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கோ குறைபாடு முழுதும் சரிசெய்யப்படாதவருக்கோ காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள்கள் நீடித்தால், அல்லது மாத்திரையின் வேகம் தணிந்ததும் திரும்பத் திரும்ப வந்தால், இதய உள்ளுறை அழற்சியா (இதயத்தின் உட்புறத்தில் கிருமித் தொற்று) என்று பார்க்க வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தொடுவதற்கு முன் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு கிருமியைக் கண்டுபிடிப்பது கடினம்.