மேடையா, உண்டியலா, வீடு தேடிப் போவதா? பங்கின் வறுமையைப் பங்குக்குத் தெரியவைக்கும் மூன்று வழிகள்

ஒரே பங்கில், அதாவது ஒரே கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்தவர்களாக, ஒரே பாயில் உட்கார்ந்து திருப்பலி காண்கிறோம். பக்கத்தில் இருப்பவர் வீட்டில் காலையில் அடுப்பு எரிந்ததா என்பது நமக்குத் தெரியாது. இதைப் பற்றி எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) பேச்சு வந்தபோது மூன்று யோசனைகள் வந்தன. மூன்றிலும் நான் வேலை செய்திருக்கிறேன்.

முதலாவது, உலக வறியோர் நாள். போப் பிரான்சிஸ் ஏற்படுத்திய இந்த நாள், 2017 நவம்பர் 19 அன்று முதல்முறை கொண்டாடப்பட்டது. கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு அது. அன்று அவர் சுமார் 1,500 ஏழைகளோடு வத்திக்கானில் ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டார். நான் பார்த்த பங்குகளில் அது மறையுரையாகவும், மேடையில் சேலையும் அரிசிப் பையும் கொடுப்பதாகவும் சுருங்கிவிட்டது. ஒரே நாளில் எல்லார் காதிலும் விழும், உண்மைதான். ஆனால் பெயர் வாசித்துக் கூப்பிட்டபோது ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பையை வாங்கியதைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு அவர் பெயர் கொடுக்கவில்லை. கஷ்டம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது, தவக்கால உண்டியல். பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) முந்தைய நோன்புக் காலத்தில் வீட்டில் காசு சேர்க்கும் இது யாரையும் கூச வைக்காது. சாம்பல் புதனையொட்டி வீட்டுக்கு வரும், பாஸ்காவுக்குள் திரும்பிப் போகும். "இது யாருக்குப்பா?" என்று பிள்ளை கேட்டால் அப்பாவிடம் பதில் இருக்காது, அவ்வளவுதான் அதன் குறை. அதைவிடப் பழைய பிடி அரிசி எனக்குப் பிடிக்கும். உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைக்கும்போது, இல்லாதவரின் நினைப்பு கைக்கே வந்துவிடுகிறது.

மூன்றாவதான வீடு தேடிப் போவதுதான் என் மனசுக்கு நெருக்கமானது. 1833-இல் பாரிஸில் 20 வயது மாணவர் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் வழி இது. ஏழைகளுக்கு நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று சக மாணவர்கள் கேட்ட கேள்வி அவர்களைச் சுட்டது. ஏழைகளை நன்கு அறிந்த அருட்சகோதரி ரோசலி ரெந்து, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று காட்டினார். இன்றும் இருவர் இருவராகத்தான் போகிறார்கள்.

அப்படி நாங்கள் போன ஒரு வீட்டில் பங்குக் காலண்டர் தொங்கியது. செவ்வாய்க்கிழமை எல்லாவற்றிலும் பேனா வட்டம். குழுக்கடன் தவணை நாளாம். மறைக்கல்விக்கு வராத பையன் ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான். அவன் வராததற்காக வகுப்பில் அவனைத் திட்டியவன் நான்தான்.

இதற்கு நேரம் வேண்டும், வாய்க்கட்டும் வேண்டும். அன்பியத்தில் எல்லாரும் தெருக்காரர்கள், ஒரு சொல் கசிந்தாலும் அந்தக் கதவு மறுபடி திறக்காது. அதனால் தெருக்காரரை அனுப்பாமல் வேறு அன்பியத்திலிருந்து இருவரை அனுப்பலாம். கண்டதைப் பெயரில்லாமல் பங்குச் சாமியாரிடம் சொன்னால் மறையுரையும் ஊர்க்கதையாக இல்லாமல் நம் கதையாக இருக்கும்.

எந்த வீட்டில் தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் பங்குகளில் பாக்கி நோட்டு இருக்கும். மூன்று வருஷமாகப் பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கு முதலில் போவோம். போன இடத்தில் வரியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.