அசிட்டிலீன் கணக்குக்கு ஒரு பிளாட்பாரத் தராசு

கேஸ் வெல்டிங்கும் கட்டிங்கும் நடைபெறும் எங்கள் சிறிய பட்டறையில், 20 கிராம் நுட்பத்தில் 150 கிலோ வரை எடை காட்டும் எலக்ட்ரானிக் பிளாட்பாரத் தராசு ஒன்றைப் பயன்படுத்தி வருகிறோம். மண்டிகளில் மூட்டைகளை எடை போடும் சாதாரண வகைதான் அது. ஆயினும், ஒரு வேலைக்கு எவ்வளவு வாயு செலவாகும் என்று மதிப்பிட்டு விலை சொல்ல வேண்டியவர்கள், வாயு ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டருக்கு முன்பாக வாங்க வேண்டியது இதையே என்பது என் கருத்து.

ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜே போதும். 47 லிட்டர் சிலிண்டரில் 150 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்தில் ஏறத்தாழ 7 கன மீட்டர் வாயு இருக்கும். முள் 50 கிலோ இறங்கினால் சுமார் 2,350 லிட்டர் தீர்ந்துவிட்டது என்று பெருக்கியே சொல்லிவிடலாம். எரிவாயுவான அசிட்டிலீனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளில் ஊறியிருக்கும் அசிட்டோனில் அது கரைந்திருப்பதால், மீதமுள்ள வாயுவோடு அன்றைய வெயிலையும் சேர்த்தே முள் காட்டும். எடை அப்படி ஏமாற்றாது: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ 900 லிட்டர் செலவாகியிருக்கிறது.

சிறிய வேலைகளில் ஆக்சிஜனுக்கும் தராசே மேல் என்பது பயன்படுத்தும்போதுதான் தெரிகிறது. தகட்டின் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் மணிக்கு 100 லிட்டர் அசிட்டிலீன் என்ற நடைமுறைக் கணக்குப்படி, 3 மி.மீ. தகட்டுக்கு மணிக்கு 300 லிட்டர், அதாவது சுமார் 330 கிராம் செலவாகும். இரு வாயுவும் மிகாமல் சமமாக எரியும் நியூட்ரல் சுடரில் ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே 300 லிட்டர்தான். கேஜில் அது 6 கிலோ இறக்கம் மட்டுமே என்பதால் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. தராசிலோ 400 கிராம் குறைந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

கட்டிங்கில்தான் இதன் அருமை முழுவதும் விளங்கும். நாசிலுடன் (சுடர் வரும் முனை) தரும் அட்டவணை, நிற்காமல் வெட்டும் நேரத்துக்கான அளவையே சொல்கிறது. தகட்டைச் சூடேற்றுவது, துளை போடுவது, அடுத்த கோட்டுக்கு நகரும்வரை சுடர் சும்மா எரிவது ஆகியவற்றை அது கணக்கில் கொள்வதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் இரு சிலிண்டர்களையும் எடை போட்டு, குறைந்த எடையை வெட்டிய மீட்டரால் வகுத்தால், அந்தத் தடிமனுக்கு, அந்த ஆளின் கைக்கு, மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற சொந்த அட்டவணை கிடைத்துவிடுகிறது. அடுத்த கொட்டேஷனுக்கு அதைவிட நம்பகமான எண் வேறில்லை.

குறைகளும் உண்டு. தட்டு தரையிலிருந்து உயரமாக இருப்பதால் சிலிண்டரை ஏற்ற மரச்சாய்வு ஒன்று செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தடாலென்று இறக்கினால் எடையை உணரும் பாகமான லோட்செல் கெட்டுவிடும். வாயுக் குழாயான ஓஸின் இழுப்பு எடையில் கலந்துவிடுவதால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டே நிறுக்க வேண்டும். இது தீப்பொறிக் காப்புள்ள கருவி அல்ல. ஆகவே வால்வை மூடி, கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எதிர்பாராத நன்மை ஒன்று: தீர்ந்த அசிட்டிலீன் சிலிண்டரின் எடை, அதன் மேல் பொறித்த வெற்று எடையைவிடக் குறைவாக இருந்தால், வாயுவை மிக வேகமாக இழுத்ததாலோ சாய்த்து வைத்துப் பயன்படுத்தியதாலோ அசிட்டோன் வெளியேறியிருக்கக்கூடும். திருப்பி அனுப்பும்போது அதை ஏஜென்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.