போலி செக்குக்குப் பணம் கொடுத்தது வங்கி, முடங்கியது என் கணக்கு – 1 ஸ்டார்

திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒன்பது வருடமாக இந்த ஒரே கிளையில்தான் கரண்ட் அக்கவுண்ட். மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, 1,84,000 ரூபாய் செக்கில் போனதாக எஸ்எம்எஸ் வந்தது. அந்த நம்பர் செக் லீஃப் கிழிக்காமல், கையெழுத்துப் போடாமல் என் புத்தகத்திலேயே இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய் மேனேஜர் மேசையில் விரித்து வைத்தேன்.

'விசாரணை நடக்கிறது சார்' என்று மீதி 3,20,000 ரூபாயையும் முடக்கிவிட்டார்கள். இன்னொரு போலி செக் வந்துவிடக் கூடாதே என்று இரண்டு நாள் நிறுத்தினால் சரி, நானே கேட்டிருப்பேன். ஆனால் போலீஸ் கடிதமும் இல்லை, கோர்ட் உத்தரவும் இல்லை, 38 நாள்! சனிக்கிழமை சம்பளத்துக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். நூல் கடைக்காரருக்கு நான் கொடுத்திருந்த செக் திரும்பியது, அதற்கும் என்னிடமே சார்ஜ் பிடித்தார்கள். இத்தனை வருடம் கடனுக்குக் கொடுத்தவர் இப்போது ரொக்கம் கேட்கிறார், அந்த நம்பிக்கையை எந்த வவுச்சர் போட்டுத் திருப்பித் தருவார்கள்?

அப்புறம் ஆடிட்டர்தான் எடுத்துச் சொன்னார். செக் பவுன்ஸ் கேஸ் போடுகிற அதே 1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் 31ஆவது பிரிவு இருக்கிறது: கணக்கில் பணம் இருந்தும் முறையான செக்குக்கு வங்கி பணம் தராவிட்டால், செக் கொடுத்தவருக்கு வரும் நஷ்டத்தை வங்கிதான் ஈடுகட்ட வேண்டும். போலிக் கையெழுத்துக்கும் அப்படித்தான். கனரா வங்கி வழக்கில், கம்பெனியின் கணக்காளரே 42 செக்கில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தும், பாஸ்புக்கைச் சரிபார்க்கவில்லை என்று வாடிக்கையாளர் மேல் பழிபோட முடியாது என 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 50,000 ரூபாயிலிருந்து செக் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் பாசிட்டிவ் பே வசதி 2021 ஜனவரியிலிருந்தே இருக்கிறதாம். இந்தக் கிளையில் ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை.

முதல் நாளே புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கியிருந்தேன். அதுதான் காப்பாற்றியது. 30 நாளாகியும் பதில் வராததால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் போட்டேன், கட்டணம் கிடையாது. அடுத்த வாரமே முடக்கம் நீங்கியது. 1,84,000 போன மாதம்தான் வந்தது. அடகு வட்டியும் செக் ரிட்டர்ன் சார்ஜும் இன்னும் வரவில்லை, அதைக் கேட்டு நேற்றுதான் மறுபடி கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன்.