கோஹா: முத்திரை குத்தும் வேலை போனபின் நூலகர் செய்வது

நூலகர் என்றதும் பலர் மனதில் வருபவர், மேசைக்குப் பின்னால் அமர்ந்து தேதி முத்திரை குத்துபவர்தான். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. உரிமக் கட்டணம் இல்லை. சர்வருக்கும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

சுய இரவல் வசதியை இயக்கிவிட்டால் வாசகரே அட்டையையும் நூலின் பார்கோடையும் காட்டி எடுத்துப் போகலாம். நூலகரின் வேலை விதி வகுப்பதாக மாறுகிறது. எந்த வகை உறுப்பினருக்கு எந்த வகை நூல் எத்தனை நாள், எத்தனை முறை புதுப்பிக்கலாம், அபராதம் எவ்வளவு என்று ஒரு பெரிய அட்டவணையை அவர்தான் நிரப்பவேண்டும். நாட்காட்டியில் விடுமுறைகளைப் பதியாமல் விட்டால், பூட்டிய நாளே திருப்பித்தரும் நாளாக விழும். தாமத அறிவிப்பு போகவில்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்கவேண்டியது கிரான் பணிகளை, அதாவது குறித்த நேரத்தில் சர்வர் தானாக ஓட்டும் பணிகளை. ஒரு பணி கடிதத்தைத் தயாரிக்கும், வேறொன்று அனுப்பும். இரண்டாவது ஓடாவிட்டால் கடிதங்கள் வரிசையிலேயே தேங்கிக் கிடக்கும்.

பட்டியலாக்கத்தில், நூலகங்களின் பட்டியல்களைத் தொலைவிலிருந்து தேட உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாகப் பிற நூலகங்களின் மார்க் பதிவுகளை (கணினி படிக்கும் வடிவில் உள்ள நூல் விவரங்களை) எடுத்துக்கொள்ளலாம்; பெரிய உழைப்பு மிச்சம். மொத்தமாக இறக்கும்போது ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணை ஒப்பிட்டு ஏற்கெனவே உள்ள பதிவைக் கண்டறியும் பொருத்த விதியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள் உருவாகும். ஒரு பதிவில் முன்பதிவு செய்தவர் காத்திருக்க, மற்றதன் பிரதி அலமாரியில் சும்மா இருக்கும். தமிழ்த் தலைப்புகள் தேடலில் சரியாகக் கிடைக்க, கோஹாவின் ஜீப்ரா தேடுபொறியைப் பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றுவது அவசியம்.

அதிகக் கவனம் வேண்டுவது நூல் கழிவு, அதாவது பயன்படாத நூல்களை இருப்பிலிருந்து நீக்குவது. கடைசியாக இரவல் போன தேதியை வைத்து எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள வினவல் மொழியில் அறிக்கை எடுத்தால், நீண்ட காலம் யாரும் தொடாத நூல்களின் பட்டியல் நொடியில் வந்துவிடும். அதை அப்படியே நம்புவது ஆபத்து. நூலகத்துக்குள்ளேயே தினமும் புரட்டப்படும் அகராதியும் அதில் இருக்கும், ஏனென்றால் அது இரவலே போவதில்லை. மேசையில் விட்டுப்போன நூல்களைத் திரும்பப்பெறும் திரையில் ஸ்கேன் செய்தால் உள்பயன்பாடாக எண்ணும் அமைப்பு கோஹாவில் உண்டு. கோஹாவை நிறுவிய உடனே அந்த அமைப்பை இயக்கிவிடுங்கள். கழிவு அறிக்கையிலும் அந்த எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள். எது போகலாம், எது இருக்கவேண்டும் என்பதைத் தன் வாசகரை அறிந்த நூலகர் மட்டுமே முடிவு செய்ய முடியும்.

மனதாரப் பாராட்டவேண்டியது, திருப்பித்தந்த நூல்களின் வரலாற்றிலிருந்து வாசகர் பெயரை நீக்கும் வசதி. யார் என்ன படித்தார் என்பதைக் காப்பது இத்தொழிலின் மானம். பெயரில்லா உறுப்பினர் ஒருவரை முதலில் உருவாக்கி, அவர் எண்ணை அமைப்பில் தந்தபிறகே இதை இயக்குங்கள்.

ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்தபின் மாற்றுங்கள். இதற்கென வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கித்தர நிர்வாகம் தயாராக இல்லாத நூலகத்துக்குக் கோஹாவைப் பரிந்துரைக்க மாட்டோம்.