எங்கள் ஆபீஸ் ரவுட்டர்: ஒன்றரை வருடத்துக்கு அப்புறம்

மதுரையில் ஒரு பழைய வீட்டின் மாடிதான் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ். மூன்று அறை, ஒன்பது பேர், ஒரு பிரிண்டர், ஃபைல் பிதுங்கும் இரும்பு பீரோக்கள். ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னின் கெடுவான 20ஆம் தேதி நெருங்கினால் "நெட் போச்சு" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வரும். நெட் இணைப்போடு வந்த பெட்டிதான் சரியில்லை என்று முடிவுகட்டி, வைஃபை 6 ரவுட்டர் ஒன்று வாங்கினோம்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. ஃபைபர் மோடத்திலிருந்து ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டுக்கு, அதாவது வெளி இணைப்பைச் செருகும் இடத்துக்கு, ஒரு கேபிள், போன் ஆப்பில் பத்து நிமிடம். ஆனால் 200 எம்பிபிஎஸ் பிளானில் 94க்கு மேல் ஏறவே இல்லை. இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளக்குக்குள் எட்டுக் கம்பிக்குப் பதில் நான்குதான் போயிருந்தது. நான்கு கம்பியில் 100 வரைதான் ஓடும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று கம்பி வரிசையை முணுமுணுத்தபடி, புது பிளக்கை அழுத்தி நானே கிரிம்ப் அடித்தேன். மூன்று பிளக் வீண். நான்காவதில் 190ஐத் தாண்டியது.

முதலில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பீரோ மேல் வைத்தேன். தப்பு. இரும்பு ஒரு பக்கம், தடித்த செங்கல் சுவர் ஒரு பக்கம், வேகம் அதிகம் ஆனால் சுவர் தாண்டத் திணறும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உள்ளறையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடு அறை வாசல் நிலைக்கு மேல் ஆணியடித்து மாட்டியபின் பரவாயில்லை. இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் 6ஆம் சேனலில் குவிந்திருந்தார்கள், நாங்கள் 11க்குப் போய்விட்டோம்.

அதிகம் படுத்தியது பிரிண்டர்தான். சில நாள் காலையில் அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண்) மாறி 'ஆஃப்லைன்' என்று நிற்கும். ரவுட்டர் முகவரிகளைப் பங்கிடும் டீஹெச்சிபி அமைப்பில், ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதற்கென ஒரு முகவரியை ஒதுக்கியதும் அடங்கியது. ஆனாலும் சாருக்கு மட்டும் பிரிண்ட் வரவில்லை. அவர் லேப்டாப் இன்னும் மோடத்தின் பழைய வைஃபையிலேயே இருந்தது, அதாவது வேறு நெட்வொர்க்கில். மோடத்தின் வைஃபையை அணைத்தேன். "ஏம்ப்பா, இதை முதல்லயே செய்யக்கூடாதா?" என்றார். நியாயம்தான்.

பாஸ்வேர்டு கேட்கும் கிளையண்ட்டுகளுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் தனியாக உண்டு. கணக்கு ஃபைல்கள் இருக்கும் இடத்தில் அது கட்டாயம். 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் மோடத்தையும் ரவுட்டரையும் கோர்த்ததில், கரண்ட் போனாலும் ரிட்டர்ன் நடுவில் நிற்பதில்லை. அடிக்கடி சந்தா கட்டச் சொல்லி நச்சரிக்கும் ரவுட்டரின் அந்த போன் ஆப்தான் எரிச்சல்.

உள்ளறையின் கடைசி மேசைக்கு இன்றும் சிக்னல் மந்தம். சிக்னலைத் தூரத்துக்கு நீட்டும் எக்ஸ்டெண்டர் வாங்கலாம் என்றார்கள். நான் ஒரு கேபிளை இழுத்துவிட்டேன், எட்டுக் கம்பியையும் எண்ணிப் பார்த்துத்தான்.